நாய்த் தீனியும் புரதக் கணக்கும்

மனிதன் உண்டு மிஞ்சியதைத் தின்று பல்லாயிரம் ஆண்டுகள் அவனோடு வாழ்ந்த நாய்க்குத் தனியே ஓர் ஆகாரம் தயாரித்து விலைக்கு விற்கும் வியாபாரம் தோன்றி இன்னும் இருநூறு ஆண்டுகள் நிறையவில்லை. இடிதாங்கி விற்பதற்காக லண்டன் வந்த ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர், மாலுமிகளின் காய்ந்த பிஸ்கத்தைத் துறைமுகத்து நாய்கள் ஆவலோடு தின்னக் கண்டு, 1860-ஆம் ஆண்டு வாக்கில் கோதுமை, காய்கறி, பீட்ரூட், மாட்டிறைச்சி இவற்றைச் சேர்த்து நாய் ரொட்டி செய்யத் தொடங்கினார். இறைச்சி எங்கிருந்து வந்தது என்பதை அவர் கடைசிவரை வெளியிடவில்லை என்பர். வாங்குகிறவன் உண்பதில்லை, உண்கிற பிராணி பேசுவதில்லை என்னும் இவ்வியாபாரத்தின் விசேஷ அபாயம் அன்றே தொடங்கிவிட்டது. பின்னர் டின் உணவு வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் தகரம் அரிதாகவே உலர்தீனி பெருகியது.

அந்த அபாயம் 2007 மார்ச்சில் கண்கூடாயிற்று. கனடாவின் மெனு ஃபுட்ஸ் கம்பெனி, பற்பல பெயர்களில் விற்பனையான சுமார் ஆறு கோடி டின்களையும் பைகளையும் திரும்பப் பெற நேர்ந்தது. அவற்றைத் தின்ற நாய்களும் பூனைகளும் தீனியை வெறுத்து, வாந்தியெடுத்துச் சோர்ந்ததோடு, ஓயாமல் தண்ணீர் குடித்து ஓயாமல் சிறுநீர் கழித்தன. சிறுநீரகம் பழுதுபட்டால் நீரைத் தேக்கிவைக்கும் சக்தி அதற்குக் குன்றுகிறது. இழந்த நீரை ஈடுசெய்யவே பிராணி ஓயாமல் குடிக்கிறது.

அந்தத் தீனியில் சேர்ப்பதற்காகச் சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என்று வந்த சரக்கில் மெலமைன் என்னும் ரசாயனம் கலந்திருந்தது. 1883-இல் டென்மார்க்கின் கெல்டால் வகுத்த பரிசோதனை முறை, புரதத்தை நேரே அளவிடாமல் அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, அந்த அளவை 6.25-ஆல் பெருக்கிப் புரதத்தைக் கணக்கிடுவது. மெலமைனின் எடையிலோ மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜனே. ஆகவே சத்தில்லாத மாவும் கணக்கில் சத்து மிகுந்ததாயிற்று. உடன் கலந்திருந்த சயனூரிக் அமிலத்தோடு மெலமைன் கூடிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாக உறைந்தது.

இதனினும் என்னை வருத்துவது முந்திய நிகழ்ச்சி. 2004-இல் தைவான் முதலிய ஆசிய நாடுகளில் ஏராளமான நாய்கள் இவ்வாறே சிறுநீரகம் கெட்டு இறந்தபோது, தீனியில் படர்ந்த பூஞ்சையின் விஷமே காரணம் என்று முடிவு செய்து விஷயத்தை அத்தோடு விட்டுவிட்டார்கள். பாதுகாக்கப்பட்டிருந்த அந்நாய்களின் திசுக்களை 2007 நிகழ்ச்சிக்குப் பின் மீண்டும் சோதித்தபோது அவற்றிலும் அதே படிகங்கள் காணப்பட்டன. 2008-இல் சீனக் குழந்தைகளின் பால்மாவில் அதே மெலமைன் கலக்கப்பட்டு, சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்று, ஆறு பேர் இறந்தனர். நாய்களின் மரணத்தை உரிய கவனத்தோடு ஆராய்ந்திருந்தால் இந்தக் கலப்படம் முன்னரே வெளிப்பட்டிருக்கும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நாய்க்குட்டி வளர்ப்போர் இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்று உண்டு. வெயிலில் ஓடியாடிய குட்டியும், உலர்தீனி தின்னும் குட்டியும் சற்று அதிகமாகக் குடிப்பது இயற்கையே. ஆனால் புதிய பையைப் பிரித்த சில நாட்களில் குட்டியின் தாகம் காரணமின்றி மிகுந்தால், தண்ணீரைத் தடுக்காதீர்கள். தீனியை நிறுத்தி, தயாரிப்பு எண் அச்சிட்ட அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.