பேசின் பிரிட்ஜைத் தாண்டிய பாட்டு

சென்னை சென்ட்ரலில் இருந்து கிளம்பும் ரயில் எந்த ஊருக்குப் போவதானாலும் பேசின் பிரிட்ஜைத் தாண்டித்தான் போக வேண்டும். தண்டவாளம் பிரிவது அங்கேதான். ஒரு பாதை கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கும்மிடிப்பூண்டிக்குப் போகிறது. மற்றொன்று வியாசர்பாடி, பெரம்பூர் வழியாக அரக்கோணத்துக்கு. ஜங்ஷனைச் சுற்றி ரயில் பெட்டிகளைக் கழுவும் யார்டு, மின்நிலையம், பக்கிங்ஹாம் கால்வாய், நெருக்கியடித்த புளியந்தோப்பு வீடுகள். தமிழ் சினிமா முப்பது ஆண்டுகளாகக் கொண்டாடிவரும் கானா பாட்டு வளர்ந்தது இந்தப் பாதைகளின் ஓரத்தில்தான்.

அதைப் பாடியவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், பெரம்பூர் பி அண்டு சி மில்லில் வேலை பார்த்தவர்கள், நகரத்தின் குப்பையை அள்ளியவர்கள். செங்கல்பட்டிலிருந்தும் வடஆற்காட்டிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த தலித் குடும்பங்களே அதிகம். ஊரிலிருந்து ஒப்பாரியையும் கூத்துப்பாட்டையும் கொண்டுவந்தார்கள். இங்கே வந்த பிறகு டோலக்கும் புல்புல் தாராவும் சேர்ந்துகொண்டன. இராயபுரத்தில் வாழ்ந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபை (1792–1838) மூத்த கானா பாடகர்கள் தங்கள் முன்னோராகவே சொல்வார்கள். உடம்பு நிலைக்காது என்ற சித்தர் மரபின் பேச்சு கானாவுக்குள் அவ்வளவு அழுத்தமாக இருப்பதைக் கேட்டால், அந்த உரிமை கோரல் வெறும் பெருமைக்கானது இல்லை என்று புரியும்.

கானாவின் தாய்வீடு சாவு வீடு. பகலில் பறையடித்துப் பிணத்தை எடுப்பார்கள். அன்றிரவோ, காரியத்துக்கு முந்தைய இரவோ, தெருவை அடைத்துச் சாமியானா போட்டு மைக் செட் கட்டுவார்கள். செத்தவரின் படத்துக்கு மாலை போட்டு, அதன் எதிரே பாடகர்கள் உட்காருவார்கள். பாட்டு விடியும்வரை போகும். செத்தவரின் பெயர், அவர் பார்த்த வேலை, பெற்ற பிள்ளைகள், கூடப் பழகிய நண்பர்கள் எல்லாம் பாட்டுக்குள் வரும். மெட்டு பழைய சினிமாப் பாட்டாக இருக்கலாம். வரிகள் அந்த ஒருவருக்காக, அந்த ஒரு இரவுக்காகக் கட்டப்பட்டவை. செய்தித்தாளில் இரங்கல் செய்தி வரவே வாய்ப்பில்லாத ஒரு கூலித் தொழிலாளிக்கு வாழ்க்கை வரலாறு எழுதப்படுவது அந்த ஒரு ராத்திரிதான். மரண கானா விஜி போன்றவர்கள் தங்கள் பெயரிலேயே அந்தத் தொழிலைத் தாங்கியிருப்பது அதன் கனத்தைச் சொல்கிறது.

இன்னொரு பள்ளிக்கூடம் ரயில் பெட்டி. கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்தும் திருத்தணிப் பக்கமிருந்தும் மின்சார ரயிலில் வரும் பச்சையப்பன் கல்லூரி, மாநிலக் கல்லூரி மாணவர்கள் பெட்டியின் தகரத்தையே தாளமாக்கினார்கள். பஸ்ஸிலும் இதேதான். ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு ‘ரூட்டு தல’, அவரைச் சுற்றி ஒரு பாட்டுக் கூட்டம். அந்த ரூட்டுச் சண்டைகள் அடிதடியிலும் வெட்டுக்குத்திலும் முடிந்தது உண்மை. பெற்றோர் பயந்ததில் தப்பே இல்லை. ஆனால் காவல்துறைப் பதிவேட்டில் அந்த மாணவர்களின் சண்டை இருக்கிறது, அவர்கள் கட்டிய பாட்டு எங்கேயும் இல்லை.

சினிமா இந்தப் பாட்டின் பாஷையை முதலில் நகைச்சுவைக்குத்தான் கூப்பிட்டது. 1968-ல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் வி. குமார் இசையில் மனோரமா பாடிய மெட்ராஸ் பாஷைப் பாட்டு இன்றும் எல்லோருக்கும் தெரியும். 1990-களில் இசையமைப்பாளர் தேவா கானாவைத் தன் முத்திரையாகவே ஆக்கினார். 1996-ல் வந்த ‘காதல் கோட்டை’யில் அவரே பாடியது தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. தேவா செய்தது பெரிய காரியம்: வட சென்னையின் தாளத்தைக் கதாநாயகனின் வாய்க்குக் கொண்டுபோனார். ஆனால் செத்தவர் பாட்டிலிருந்து விலகிவிட்டார். காதலுக்கு அறிவுரை, கல்லூரிக் கேலி என்று கானா சுருங்கியது.

2006-ல் மிஷ்கினின் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் தானே திரையில் தோன்றி மீன்களின் கல்யாணத்தைப் பாடினார். பாட்டை வாழ்ந்தவரின் முகம் பாட்டோடு சேர்ந்து வந்தது அப்போதுதான். 2012-ல் பா. ரஞ்சித்தின் ‘அட்டகத்தி’, சந்தோஷ் நாராயணன் இசையில், புளியந்தோப்புப் பக்கத்துக்காரரும் சட்டம் படித்தவருமான கானா பாலாவை ஊரறியச் செய்தது. அந்தப் படத்தின் நாயகனும் ஒரு ரூட்டு தல என்பதைக் கவனிக்க வேண்டும். வியாசர்பாடியைக் களமாகக் கொண்ட ‘மெட்ராஸ்’ (2014) படத்தில் பாலா எழுதிப் பாடிய மரண கானா இடம்பெற்றது. தேவா காலத்தில் வெளியே நின்ற சாவு, திரைக்குள் வந்து உட்கார்ந்தது.

பிறகு பாட்டு சினிமாவைத் தாண்டியது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில், ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல்முறையாக மேடையேறியது. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து வந்தது. கானாவோடு ராப்பும் ராக்கும் கலந்து, இட ஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் பாடினார்கள். அம்பேத்கர் பிறந்தநாளுக்குத் தெருமுனையில் பாடப்பட்டுவந்த அரசியல் கானாவுக்கு அதுவரை கிடைக்காத ஒலி அது.

இன்று பாடகருக்கு அந்த மேடையும் தேவையில்லை. செல்போன், ஒரு மைக், யூடியூப் சேனல் போதும். கேட்பவர் எண்ணிக்கை பெருகியிருக்கிறது. பதிவாவதில் லவ் கானாவும் கெத்துக் கானாவுமே மிகுதி. விடியவிடியப் பாடிய மரண கானா பெரும்பாலும் அந்தச் சாமியானாவோடு கலைகிறது. கானாவின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் படப் பட்டியலோடு நிற்காமல் அந்த இரவுகளைத் தேடிப் போக வேண்டும்.

அந்த இரவுகளில் ஒரு கோடும் தெரியும். வீட்டுக்குள் ஒப்பாரி பெண்களுடையது; வெளியே மைக் ஆண்களுடையது. இராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையில் அந்தக் கோட்டைத் தாண்டினார். 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. பெண்கள் கோயிலுக்குள் நுழையும் உரிமையைப் பற்றி அவர் 2018-ல் பாடிய பாட்டுக்காக, ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில் அவர்மேல் காவல்துறையில் புகார்கள் கொடுக்கப்பட்டன.