தேவசகாயம்: பத்மநாபபுரம் முதல் காற்றாடிமலை வரை

தேவசகாயம் (23 ஏப்ரல் 1712 – 14 ஜனவரி 1752) திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்தவர். கிறிஸ்தவராகிய பின் கைது செய்யப்பட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறையில் துன்புற்று, சுட்டுக் கொல்லப்பட்டார். கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்த முதல் இந்தியப் பொதுநிலையினர் இவரே.

பிறப்பும் பணியும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலத்தில் நாயர் குடும்பமொன்றில் பிறந்தார். இயற்பெயர் நீலகண்ட பிள்ளை. மார்த்தாண்ட வர்மர் (ஆட்சிக்காலம் 1729–1758) காலத்தில் பத்மநாபபுரமே நாட்டின் தலைநகர். அங்குள்ள நீலகண்டசுவாமி கோயிலிலும் அரண்மனையிலும் நீலகண்ட பிள்ளை பொறுப்பு வகித்தார்.

மனமாற்றம்

1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளித்தார். குடும்பத்தில் நேர்ந்த இழப்புகளால் கலங்கியிருந்த நீலகண்ட பிள்ளைக்கு அவர் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைக் கூறினார் என்பர். 14 மே 1745 அன்று, நாட்டின் எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புத்தாரி இவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்ற பெயர் அமைந்தது. மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ என்ற பெயருடன் கிறிஸ்தவரானார்.

எதிர்ப்பின் காரணம்

திருவிதாங்கூரில் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்ட சமயம் அன்று. 1544-இலேயே பிரான்சிஸ் சவேரியார் அதன் கடற்கரை ஊர்களில் ஆயிரக்கணக்கான மீனவர்களுக்குத் திருமுழுக்கு அளித்திருந்தார். டிலனாயும் கத்தோலிக்கரே. ஆனால் அரண்மனையைச் சேர்ந்த உயர்சாதியினர் ஒருவர் அச்சமயத்தில் சேர்ந்து, சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகியது வேறு செய்தி. அது அன்றைய சமூக ஒழுங்கையே அசைத்தது. இவர் விட மறுத்தது வழிபாட்டை மட்டுமல்ல, அந்தச் சமத்துவத்தையும் சேர்த்தே என்று கொள்ளலாம்.

சிறையும் மரணமும்

23 பிப்ரவரி 1749 அன்று இவர் கைது செய்யப்பட்டார். எருமை மீது பின்புறமாக அமர்த்தி, எருக்கம்பூ மாலை அணிவித்து ஊர் ஊராகக் கொண்டுசென்றனர் என்பது வழிவழிச் செய்தி. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடியபோது முட்டால் இடித்த பாறையில் நீர் ஊறியது என்றும், பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டி வைக்கப்பட்டார் என்றும் மக்கள் நம்புகின்றனர். பழைய சமயத்திற்குத் திரும்ப இவர் இணங்கவில்லை. இறுதியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் படைவீரர்கள் இவரைச் சுட்டுக் கொன்றனர். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

கருத்து வேறுபாடு

மதமாற்றத்திற்காக இத்தண்டனை அளிக்கப்படவில்லை, அரச துரோகக் குற்றமே காரணம் என்று சில வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அது பொய்க்குற்றச்சாட்டு என்பது திருச்சபையின் நிலைப்பாடு.

நினைவு

2 டிசம்பர் 2012-இல் நாகர்கோவிலில் அருளாளராகவும், 15 மே 2022-இல் வத்திக்கானில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். புனிதர் பட்டம் வழங்கும் முன், இவர் பெயரோடு வழங்கிவந்த 'பிள்ளை' என்ற சாதிப்பட்டம் நீக்கப்பட்டது. சாதி பாராது வாழ்ந்தவரின் பெயரில் சாதி நிற்கலாகாது என்று வேண்டியவர்களின் கோரிக்கை அவ்வாறு நிறைவேறியது.