தீவகத்தில் சிகிச்சை அனுமதி

ஒரு சிகிச்சை மருத்துவ ரீதியாக அவசியமா என ஆராய்ந்து, அதன் செலவை ஏற்பதா என்று தீர்மானிக்கும் நடைமுறையே சிகிச்சை அனுமதி. அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு மெடிகெயார் சட்டம், அத்திட்டத்தில் பங்கேற்கும் வைத்தியசாலைகள்தோறும் இதற்கான மீளாய்வுக் குழுக்களைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் முன் அனுமதி உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துள்ள தீவுகளான தீவகத்தின் வரலாறு வேறு வழியில் வந்தது. இலங்கை அரச வைத்தியசாலைகளில் 1951 முதல் சிகிச்சை இலவசம். அதனால் 'இது தேவைதானா' என்ற கேள்வியைக் காப்புறுதிக் கம்பனி கேட்கவில்லை. கடமையிலிருந்த டொக்டரே கேட்டார். நோயாளியைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப அவர் எழுதும் 'ட்ரான்ஸ்பர்' துண்டுதான் அனுமதி. தீவகத்தின் நெடுந்தீவு நோயாளி அந்தத் துண்டுடன் படகில் ஏறிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் வழியாக யாழ். போதனா வைத்தியசாலையைச் சேர வேண்டும். அவசரமென்றால் கடற்படைப் படகு உதவும். 2018இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவையும் இறங்குதுறை வரைதான் வரலாம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் நோயை மட்டும் பார்த்து டொக்டர் முடிவெடுக்க முடியாது; இரவு கடல் எப்படியிருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். தரையிலுள்ள வைத்தியசாலையில் காலைவரை வைத்துப் பார்க்கக்கூடிய வயிற்றுவலியை இங்கே மாலையிலேயே அனுப்பிவிடுவது நியாயமான மருத்துவ முடிவு. எந்த விதிக்கோவையும் இதைத் தொலைவிலிருந்து சரியாக அளந்துவிடாது.

உள்நாட்டுப் போர் இதன் மேல் இன்னொரு அனுமதியை ஏற்றியது. 1990களின் தொடக்கத்தில் தீவகம் அரச படையினர் வசமானது. குடாநாட்டின் பெரும்பகுதி 1995 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. இடையே இருந்த சில மைல் தூரம் போர்முனையானது. 2006 ஓகஸ்ட்டில் குடாநாட்டைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டபின், கொழும்பில் சிகிச்சை பெறவேண்டியவர்களுக்கு டொக்டரின் கடிதம் மட்டும் போதவில்லை. குடாநாட்டை விட்டு வெளியேறப் பாதுகாப்புத் தரப்பின் அனுமதியும் வேண்டியிருந்தது. நோயாளிக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே அதைச் சொல்ல வேண்டும்.

செலவு சார்ந்த பரிசீலனை வேறு இரு வழிகளில் வந்தது. அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி. அதை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. மீன்பிடித் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் உள்ள வாசல், 1978இன் 7ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஜனாதிபதி நிதியம். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று போன்றவற்றுக்கு உதவி கோருபவர், வைத்திய நிபுணரின் பரிந்துரை, செலவு மதிப்பீடு, கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திய வருமான விவரம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். ஒரு கையொப்பம் விடுபட்டால் மறுபடியும் படகுதான்.

நீண்டகாலம் ஜனாதிபதி நிதிய விண்ணப்பங்களுக்குக் கொழும்பே கதி. 2025 பெப்ரவரியில் பிரதேச செயலகங்கள் ஊடாக விண்ணப்பிக்கும் ஏற்பாடு வந்தது. நெடுந்தீவில் செயலகம் ஊருக்குள்ளேயே இருப்பதால் அங்குள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். நயினாதீவு மக்கள் இன்னமும் கடல் கடந்து வேலணைக்குப் போகவேண்டும். அனுமதிக்கும் முடிவு எல்லோருக்கும் கொழும்பிலேயே எடுக்கப்படுகிறது.