அட்டைக்கு வராத பேய்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே. 1985. ஸ்ரீபெரும்புதூர்ல எங்க தெருமுனையில ஒரு பொட்டிக்கடை. பத்திரிகைகளை ஒண்ணு மேல ஒண்ணா சரிச்சு வெச்சிருப்பாங்க. பேரும் ஒரு முகமும் மட்டும்தான் வெளிய தெரியும். அந்த வருஷம் கலைப்புலி தாணு தயாரிச்ச 'யார்' வந்துச்சு. சுவத்துல ஒட்டின போஸ்டரைப் பாத்துட்டு ராத்திரி கொல்லைப்பக்கம் தனியா போக மாட்டேன். ஆனா கடையில இருந்த அட்டையில எல்லாம் சிரிச்ச முகம்தான். பேய் எங்கய்யா போச்சு?

ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. போஸ்டர் தெருவோட நின்னுடும். பத்திரிகை வீட்டுக்குள்ள வரும். வெள்ளிக்கிழமை விளக்கேத்துற கூடத்துல கோரமுகம் கிடந்தா அம்மா சும்மா விடுவாங்களா? 1942ல தொடங்கின 'பேசும் படம்', 1966ல வந்த 'பொம்மை' எல்லாத்துக்கும் அட்டைன்னா நட்சத்திர முகம்தான். வாங்குறது குடும்பம் ஆச்சே!

அமெரிக்காவுல கதை தலைகீழ். 1957ல பழைய பேய்ப் படங்கள் அங்க டிவிக்கு வந்துச்சு. பசங்க பைத்தியமானாங்க. 1958ல 'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்' பத்திரிகை பொறந்துச்சு. வாங்குனது சொந்தக் காசு வெச்சிருந்த பையன். அதனால அட்டை முழுக்கப் பேய்தான். பாசில் கோகோஸ்னு ஓவியர், கறுப்பு வெள்ளைப் படத்துப் பூதங்களுக்குக்கூட பச்சையும் சிவப்பும் வெளிச்சம் அடிச்ச மாதிரி வரைஞ்சார். படத்துல இல்லாத கலர் அட்டையில இருந்துச்சு.

நம்ம சினிமா வேற வழி வெச்சிருந்துச்சு: நட்சத்திரத்தோட முகத்தையே பேய்க்குக் குடுத்துடுறது. 1966ல 'யார் நீ' படத்துல வெள்ளைப் புடவையில வந்தது ஜெயலலிதா. 2005ல 'சந்திரமுகி', பெரிய பொட்டும் மையும் முழிச்ச கண்ணுமா ஜோதிகா. 2011ல 'காஞ்சனா', புடவை கட்டின லாரன்ஸ். அட்டைதான் இதுக்கெல்லாம் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த முகங்களை அட்டையில போட யாரும் யோசிக்க வேண்டியதில்ல. பயமும் இருக்கு, நட்சத்திரமும் இருக்கு, அம்மாவும் திட்ட மாட்டாங்க :-)

1998ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் வெளிய வர ஆரம்பிச்சுது. அப்புறம் ஒரகடம் வரைக்கும் கம்பெனிகள். பொட்டிக்கடை இருந்த இடத்துல இப்போ சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பூவும் தொங்குது. ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிக்கிற பசங்க செல்லுலதான் பேய்ப் படம் தேடுறாங்க. அதுலயும் குட்டியா ஒரு முகம், முழிச்ச கண்ணு. அட்டை வேலையை அது பாக்குது.

ஒரு வருத்தம் மட்டும் இருக்கு. தொடர்கதையைக் கிழிச்சு பைண்டு பண்ணி வெச்ச எங்க வீட்டுல ஒரு அட்டைகூட மிஞ்சல. எல்லாம் என் நோட்டுக்கு மேலுறையா போயிடுச்சு. நம்ம சினிமா எதைக் காட்டுச்சு, எதை ஒளிச்சுதுன்னு அந்த அட்டைகளைப் பாத்தாதானே தெரியும்?

உங்க வீட்டுப் பரண்ல ஏதாவது இருந்தா பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்க. ஒரு படம் எடுத்து உங்க பதிவுல போடுங்க, புண்ணியமாப் போகும்.