ஒற்றைத் தலையிடியின் வகைப்பாடு: வன்னியை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

நோயொன்றுக்கு இடப்படும் பெயர் அதனை அடையாளங் காணத் துணைபுரிவது போலவே, சிலவேளைகளில் அதனை மறைத்துவிடவுங் கூடும். ‘மைக்கிரேன்’ எனப்படும் ஒற்றைத் தலையிடி இதற்குத் தக்க சான்றாகும்.

சுசுருத சங்கிதை தலைநோய்களை 11 ஆக வகுத்தது. அவற்றுள் அர்த்தாவபேதகம் தலையின் ஒரு பாதியைப் பிளப்பது போன்ற வலியையும், சூரியாவர்த்தம் ஞாயிற்றோடு ஏறி இறங்கும் வலியையுங் குறித்தன. யாழ்ப்பாண அரசர் காலத்ததாகக் கொள்ளப்படும் பரராசசேகரம் என்னும் வைத்திய நூலும் சிரரோகத்தைத் தனித்து ஆராய்ந்தது. மேலைநாட்டில், பாதி மண்டை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே திரிந்து மைக்கிரேன் ஆயிற்று. ஆக, இரு மரபுகளும் வலிக்கும் இடத்தைக் கொண்டே இந்நோய்க்குப் பெயரிட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோக்கு மாறியது. தலையிடிக்கு முன் தம் கண்ணிற் தோன்றிய கோட்டைமதில் போன்ற ஒளிக்கோலங்களை 1870 இல் ஹியூபேட் எயரி வரைந்து வெளியிட்டார். 1873 இல் எட்வேட் லிவிங் இதனை நரம்பு மண்டலத்தின் கொந்தளிப்பு என விளக்கினார். சர்வதேசத் தலைவலிச் சங்கம் 1988 இல் வெளியிட்டு, 2018 இல் மூன்றாம் பதிப்பாகத் திருத்திய வகைப்பாடு நோயின் போக்கையே அடிப்படையாகக் கொண்டது. அதன்படி, முன்னுணர்வற்ற வகையில் வலி 4 முதல் 72 மணித்தியாலம் நீடிக்கும். குமட்டலோ, ஒளியையும் ஒலியையும் பொறுக்கவியலாமையோ உடன்வரும். முன்னுணர்வுள்ள வகையில், பொதுவாக 5 முதல் 60 நிமிடம் வரை ஒளிக்கோலம், மரமரப்பு, பேச்சுத்தடை போன்றன தோன்றும். மூன்று மாதங்களுக்கு மேலாக, மாதத்தில் 15 நாட்களேனும் தலையிடி இருந்து, அவற்றுள் 8 நாட்களேனும் மைக்கிரேன் இயல்புடையனவாயின் அது நாட்பட்ட வகையாகும். வலி ஒருபுறம் மட்டுமே இருத்தல் வேண்டுமென்ற நியதியில்லை. சிறுவரிடத்து இருபுறமும் வலித்தல் மிகுதி.

இனி வன்னியை நோக்குவோம். மலேரியா நிலவிய காடும் குளமுஞ் சூழ்ந்த அந்நிலத்திற் தலையிடி என்றதும் காய்ச்சலையே எண்ணுதல் இயல்பாயிருந்தது. பின்னர், 2009 வரை நீடித்த போர் பலருக்குத் தலைக்காயங்களை விட்டுச்சென்றது. காயத்தின் பின் ஏழு நாட்களுக்குள் தொடங்குந் தலையிடியை இன்றைய வகைப்பாடு வேறாகவே கொள்கின்றது. வயல்வெயிலும் பட்டினியும் உறக்கமின்மையும் மைக்கிரேனைத் தூண்டவல்லன. ஆதலின், வெயிலென்றும் பழைய காயமென்றும் கொள்ளப்பட்ட தலையிடிகளுள் மைக்கிரேனும் மறைந்திருந்தது எனக் கருத இடமுண்டு.

பெயர் பிழைப்பின் மருந்தும் பிழைக்கும். மாதத்தில் 15 நாட்களுக்குக் குறையாமற் பரசிற்றமோல் விழுங்கிவரின், அம்மருந்தே மற்றொரு தலையிடிக்குக் காரணமாதல் உண்டு. அதுவும் இன்று தனிவகையாக ஏற்கப்பட்டுள்ளது. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. காய்ச்சலின் நிழலும் போரின் நிழலும் நீங்கிய இந்நிலையில், வலிக்கும் இடத்தை மட்டுமன்றி, வலியின் கால அளவையும் உடன்வருங் குறிகளையும் மருத்துவர் வினவுவதும் நோயாளர் எடுத்துரைப்பதும் இன்றியமையாதனவாகும்.