விஆர் ஹெட்செட் வாங்குமுன்: திரை அளவும் கண்களின் இடைவெளியும்

ஒரே விஆர் ஹெட்செட்டை வீட்டில் நான்கு பேர் மாற்றி மாற்றி அணிவார்கள். வாப்பாவுக்குத் தெளிவாகத் தெரியும் படம் மகளுக்கு மங்கலாகத் தெரியும். சிறிது நேரத்தில் தலைவலியும் வரும். உடனே கருவி பழுது என்று முடிவு செய்துவிட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது லென்ஸ்களின் இடைவெளியை.

இரு கண்பாவைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஐபிடி என்கிறார்கள். பெரியவர்களுக்கு இது சராசரியாக 63 மி.மீ. அளவில் இருக்கும். பெண்களுக்குச் சராசரி சற்றுக் குறைவு, சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. ஹெட்செட் லென்ஸில் படம் மிகத் தெளிவாகத் தெரிவது அதன் நடுப்பகுதியில்தான். கண்பாவை அந்த இடத்துக்கு நேராக இல்லாவிட்டால் எழுத்துகள் கலங்கும், இரண்டு படங்களையும் ஒன்றாக்கக் கண்கள் சிரமப்படும்.

2020இல் வந்த குவெஸ்ட் 2 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்குள் இருப்பது ஒரே எல்சிடி திரை. அதை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு கண்ணுக்கும் 1832 x 1920 புள்ளிகள் தருகிறார்கள். லென்ஸ்களைக் கையால் நகர்த்தினால் 58, 63, 68 மி.மீ. என மூன்று நிலைகள் மட்டுமே உண்டு. 61க்குக் கீழ் உள்ளவர்களுக்கு முதல் நிலை, 61 முதல் 66 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது என்பது நிறுவனத்தின் வழிகாட்டல். லென்ஸ் நகர்ந்தாலும் திரை நகராது. அதனால் மூன்றாம் நிலையில் திரையின் ஓரம் கண்ணில் படும், காட்சியின் அகலமும் குறையும்.

2023இல் வந்த குவெஸ்ட் 3இல் கண்ணுக்கு ஒரு திரை. கீழே உள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி 58 முதல் 71 வரை படிப்படியாக மாற்றலாம். அளவும் திரையிலேயே தெரியும். மறு ஆண்டு வந்த விலை குறைந்த 3எஸ் மீண்டும் பழைய மூன்று நிலைகளுக்கே போய்விட்டது. பலர் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கு இந்த வேறுபாடு விலை வித்தியாசத்தை விட முக்கியம் என்பது என் கருத்து.

திரை எத்தனை அங்குலம் என்ற கேள்வி தொலைக்காட்சிக்குப் பொருந்தும், இங்கே அதிகம் உதவாது. பார்வையின் ஒரு பாகைக்குள் எத்தனை புள்ளிகள் அடங்குகின்றன என்பதே தெளிவைத் தீர்மானிக்கிறது. குவெஸ்ட் 2இல் இது சுமார் 20, குவெஸ்ட் 3இல் 25. நல்ல பார்வை உள்ள கண்ணால் 60 வரை பிரித்தறிய முடியும்.

அளப்பது எளிது. கண்ணாடிக் கடையில் கேட்டால் பிடி என்று எழுதித் தருவார்கள். வீட்டிலென்றால் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்று, மி.மீ. அளவுகோலைப் புருவத்தில் வையுங்கள். வலக்கண்ணை மூடி, இடக்கண் பாவையின் நடுவில் பூஜ்யத்தைப் பொருத்துங்கள். பிறகு தலையை அசைக்காமல் இடக்கண்ணை மூடி, வலக்கண் பாவையின் நடுவில் வரும் எண்ணைப் பாருங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. பெற்றோர் மேற்பார்வையில் 10 வயதிலிருந்து பயன்படுத்த மெட்டா அனுமதிக்கிறது. ஆனால் அந்த வயதில் பலருக்கு ஐபிடி 58ஐ எட்டியிருக்காது. மிகக் குறைந்த நிலையில் வைத்தும் படம் மங்கினால், அந்தப் பிள்ளைக்கு அந்தக் கருவி இன்னும் பொருந்தவில்லை.