எஃகைத் தின்ற மணற்பாறை

மாடு கட்டி உழுத காலத்தில், பெரம்பலூர், அரியலூர் வட்டார உழவர்கள் தேய்ந்துபோன கொழுவைக் கொல்லுப் பட்டறைக்கு எடுத்துச் செல்வார்கள். கொல்லர் அதைக் காய்ச்சி, அடித்து, மீண்டும் கூராக்கித் தருவார். மிருதுவான மண் இரும்பைத் தேய்ப்பது எப்படி? தேய்ப்பது மண்ணில் கலந்துள்ள மணல். மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கனிமம். மோஸ் கடினத்தன்மை அளவில் அதன் எண் 7. சாதாரண எஃகிற்கோ 4 முதல் 5 வரைதான். கடினமான பொருள் மென்மையான பொருளைக் கீறும்.

இந்த எளிய விதி, அருகிலுள்ள நெய்வேலியில் பொறியாளர்களைப் பெரிதும் சோதித்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு அங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை அகற்ற, ஜெர்மனியிலிருந்து வாளிச்சக்கர எந்திரங்கள் வரவழைக்கப்பட்டன. சுழலும் பெரிய சக்கரத்தின் விளிம்பில் வாளிகள். அவற்றின் முனையில் எஃகுப் பற்கள். ஜெர்மனியின் ரைன் பகுதியில் இவை வெட்டியது இளகிய மண். நெய்வேலியில் எதிர்ப்பட்டதோ, 'கடலூர் மணற்பாறை' எனப்படும் குவார்ட்ஸ் மிகுந்த கடினப் பாறை. பற்கள் விரைவில் மழுங்கின. பல் மழுங்கினால் சக்கரம் திணறும், வேலை நிற்கும். ஆகவே பாறையில் துளையிட்டு, வெடிவைத்துத் தளர்த்திய பின்னரே எந்திரத்தைக் கொண்டு வெட்டும் முறை கைக்கொள்ளப்பட்டது. 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது.

தேய்மானத்திற்கு ஒரு கூட்டாளியும் உண்டு, அது அரிமானம். பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறையப் பாதி ஈரம். அதிலுள்ள இரும்பு சல்பைடு, காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலத்தைத் தோற்றுவிக்கும். அமிலம் எஃகை அரித்துத் துருவாக்குகிறது; உராயும் மணல் அந்தத் துருவைச் சுரண்டி எறிகிறது; புதிய உலோகம் மறுபடியும் அமிலத்திற்கு இரையாகிறது. இரண்டும் சேரும்போது இழப்பு, தனித்தனி இழப்புகளின் கூட்டுத்தொகையையும் மிஞ்சிவிடும்.

அரியலூருக்கும் இக்கதை அந்நியமன்று. 1979இல் தொடங்கிய அரசு ஆலை முதலாக, அங்குள்ள சிமெண்ட் ஆலைகள் நிலக்கரியைப் பொடியாக அரைத்தே உலையில் எரித்து வந்திருக்கின்றன. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி; அந்தச் சாம்பலிலும் குவார்ட்ஸ் உண்டு. அரைவை எந்திரத்தின் உருளைகளைத் தேய்ப்பது கரியைக் காட்டிலும் அதில் ஒளிந்திருக்கும் மணலே.

இதற்கு மருந்து என்ன? தேய்ந்த முனையில் குரோமியம் கார்பைடு, டங்ஸ்டன் கார்பைடு போன்ற கடினப் பொருள்களைப் பற்றவைத்து ஏற்றுகிறார்கள். குவார்ட்ஸை விடக் கடினமானவை இவை. முனை தேய்ந்தால் மீண்டும் ஏற்றலாம். பல் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டத்திலும் பழுப்பு நிலக்கரி உண்டு. அதற்காக நிலம் எடுக்கப்பட்டும் சுரங்கம் தோண்டப்படவில்லை. அங்கும் கரிக்கு மேலே கிடப்பது அதே கடலூர் மணற்பாறைதான். எந்த மண்ணில் இறங்கினாலும், எந்திரத்தின் வலிமையைக் கணக்கிடுமுன் அந்த மண்ணின் கடினத்தை அளக்க வேண்டும் என்பதே நெய்வேலி கற்றுத்தந்த பாடம். கொழு காய்ச்சிய கொல்லர் அதை முன்பே அறிந்திருந்தார்.